பொலன்னறுவை: சைக்கிளில் எந்த வரிசையில் போவது?

இலங்கையின் பழைய தலைநகரான பொலன்னறுவையில், நூதனசாலையிலிருந்து வடக்கே திவங்க சிலை மனை வரை போய்த் திரும்ப, கிளைப் பாதைகளும் சேர்த்துச் சுமார் 10 கிலோமீட்டர். பெரும்பாலும் சமதரை. சைக்கிள் மிதிப்பதில் ஒரு சிரமமும் இல்லை, சிரமமெல்லாம் உள்ளங்காலுக்குத்தான். வழிபாட்டு இடங்களில் செருப்பையும் தொப்பியையும் கழற்ற வேண்டும். வெயில் ஏறினால் கருங்கல் தளத்தில் கால் வைக்க முடியாது. பழைய சாக்ஸ் ஒரு ஜோடி எடுத்துப் போங்கள்.

அதனால், முதலில் வரும் அரண்மனையில் நிற்காமல் பழைய பௌத்தக் கட்டடங்கள் நெருங்கி நிற்கும் தலதா மளுவைக்கு நேரே போய்விடுங்கள். நுழைவுச்சீட்டை முன்பே வாங்கிக்கொள்ளுங்கள். அங்குள்ள வட்ட வடிவக் கட்டடமான வட்டதாகேயின் திறந்த கல்தளம் காலையில்தான் குளிர்ந்திருக்கும். பக்கத்தில் கல்பொத்த என்ற கல்வெட்டு, 26 அடி நீளத்தில் நிசங்கமல்ல மன்னனின் தற்பெருமை. அட்டதாகே இடிபாட்டின் அருகிலுள்ள வேளைக்காரர் கல்வெட்டைத்தான் பலர் தவறவிடுகிறார்கள். தந்ததாதுவை, அதாவது புத்தரின் புனிதப் பல்லைக் காக்கும் பொறுப்பை ஏற்ற படையினர் பொறித்தது, தமிழ்க் கல்வெட்டு.

அடுத்து கிழக்கே பிரியும் பாதையில் இரண்டாம் சிவ தேவாலயம். சோழர் கட்டிய வானவன்மாதேவி ஈச்சரம் இதுதான். அடி முதல் விமானம் வரை முழுக்கக் கல். சுவரை ஒட்டி நின்று பாருங்கள், சாய்ந்து விழும் காலை வெயிலில் தமிழ் எழுத்துகள் தெளிவாகத் தெரியும். உச்சி வெயிலில் நிழல் விழாது, எழுத்தும் தெரியாது.

பிறகு ரன்கொத் விகாரைத் தூபி, லங்காதிலக சிலை மனை, பாறையில் குடைந்த புத்தர் சிலைகள் உள்ள கல் விகாரை. அங்கே கிடந்த நிலையிலுள்ள புத்தர் சிலை 14 மீட்டர் நீளம். சிலைக்கு முதுகு காட்டிப் படம் எடுக்கக் கூடாது, காவலர்கள் விடமாட்டார்கள். அதற்கு மேல் வடக்கே தாமரைக் குளமும் திவங்கவும், கூட்டம் குறைவு.

வாடகை சைக்கிளில் டயரின் பக்கவாட்டைப் பாருங்கள். வெடிப்பு இருந்தால் வேறு கேளுங்கள். வழியில் டியூப் பிதுங்கினால் வண்டியைத் தள்ளிக்கொண்டுதான் வர வேண்டும். மிதிகட்டை கீழே இருக்கும்போது கால் ஏறக்குறைய நீளும்படி சீட்டை உயர்த்துங்கள், இல்லையென்றால் முழங்கால் வலிக்கும். மண் படிந்த வளைவுகளில் முன் பிரேக்கை மட்டும் பிடித்தால் சறுக்கும். கூடையில் சாப்பாட்டை விட்டுப் போகாதீர்கள், குரங்குகள் பையோடு தூக்கிவிடும்.

திரும்பும்போது அரண்மனை. செருப்போடே நடக்கலாம், ஆகவே உச்சிவேளைக்கு இது போதும். நூதனசாலையைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் பார்க்கச் சொல்வார்கள், ஆனால் குளிர்ந்த காலை நேரத்தைக் கூரைக்கடியில் செலவழிப்பது வீண். கட்டடங்கள் கூரையோடு எப்படி இருந்திருக்கும் என்று காட்டும் அங்குள்ள மாதிரிகளும் இடிபாடுகளைப் பார்த்த பிறகுதான் நன்றாகப் புரியும்.