இரட்டைக் கார்ப்பரேட்டரோடு பத்து நாள்

சித்தப்பாவின் 1952ஆம் ஆண்டு எம்.ஜி. டி.டி. என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரின் இன்ஜினை இறக்கி, ரீபோர் செய்து (தேய்ந்த சிலிண்டர்களைக் கடைந்து), பேரிங் மாற்றித் திரும்ப ஏற்றி முடித்தபோது சித்திரைத் திருவிழா நெருங்கிவிட்டது. அழகர் ஆற்றில் இறங்குவதற்குள் வண்டியை ஓட்டிக் காட்டுகிறேன் என்று சித்தப்பாவிடம் சொல்லியிருந்தேன். ஆனால் பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்குக் கொடுக்கும் அதன் இரண்டு எஸ்.யூ. வகைக் கார்ப்பரேட்டர்களையும் ஒத்துப்போக வைப்பதற்கே பத்து நாள் பிடித்தது.

1,250 சி.சி. கொண்ட அந்த நான்கு சிலிண்டர் இன்ஜினில் முன் கார்ப்பரேட்டர் பெரும்பாலும் முதல் இரண்டு சிலிண்டர்களுக்கும், பின்னது அடுத்த இரண்டுக்கும் பெட்ரோல் கலந்த காற்றைக் கொடுக்கிறது. இரண்டும் சம அளவு காற்றை இழுக்காவிட்டால் ஸ்லோ ஸ்பீடில் வண்டியே நடுங்கும். எங்கள் வண்டி நடுங்கியது. கழற்றிப் பார்த்தால் முன் இரண்டு பிளக்குகள் கருத்தும் (பெட்ரோல் அதிகம்), பின் இரண்டும் வெளுத்தும் (பெட்ரோல் குறைவு) இருந்தன.

டேப்பட் (வால்வு) இடைவெளி, பாயின்ட் (தீப்பொறிக்கான மின் தொடுப்பு), டைமிங் (தீப்பொறி விழும் நேரம்) ஆகிய மூன்றையும் சரிபார்த்த பிறகே கார்ப்பரேட்டரில் கை வைக்க வேண்டும் என்பதை அறிந்திருந்ததால் அவற்றை முதலிலேயே முடித்துவிட்டேன். பிறகு காற்று வழியைத் திறந்து மூடும் தகடுகளைத் தாங்கும் இரண்டு திராட்டில் தண்டுகளையும் இணைக்கும் கிளாம்பைத் தளர்த்தி, கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் டியூபில் ஒரு முழம் வெட்டி, ஒரு நுனியைக் காதிலும் மறு நுனியை ஒவ்வொரு கார்ப்பரேட்டரின் வாயிலும் வைத்து, 'உஸ்' என்ற ஓசை இரண்டிலும் ஒன்றுபோல் கேட்கும்வரை, அந்தத் தகடுகள் எவ்வளவு மூட வேண்டும் என்பதை நிறுத்தும் ஸ்டாப் ஸ்குரூக்களைத் திருகினேன். விலை உயர்ந்த கருவிகள் இருக்கின்றன என்றாலும் இந்த வேலைக்குக் காதும் குழாயும் போதும் என்பது என் கருத்து. ஓசை ஒத்துவரும், ஒரு முறை ஆக்சிலரேட்டரை மிதித்துவிட்டால் மறுபடி மாறிவிடும்.

இதில் முதல் குற்றம் என்னுடையதுதான். எஸ்.யூ. கார்ப்பரேட்டரில் மேல் மூடியும் அதனுள் ஏறி இறங்கும் பிஸ்டனும் தொழிற்சாலையிலேயே ஒன்றுக்கொன்று பொருத்தம் பார்த்துச் சேர்க்கப்பட்ட இணை. ஒன்றின் மூடியை மற்றதன் பிஸ்டனுக்குப் போடக்கூடாது. நான் இரண்டையும் ஒரே தட்டில் மண்ணெண்ணெயில் கழுவி, மாற்றிப் போட்டிருந்தேன். பிஸ்டனின் வேகத்தை மட்டுப்படுத்தும் டேம்பரை எடுத்துவிட்டு பிஸ்டனை விரலால் உயர்த்தி விட்டபோது, முன்னது 'டக்' என்று விழ, பின்னது பாதியில் தயங்கி நின்றதால் இது தெரியவந்தது. மூடிகளை இடம் மாற்றியதும் இரண்டும் டக்கென்று விழுந்தன.

அதன் பிறகும் வண்டி அடங்கவில்லை. இரண்டு ஸ்டாப் ஸ்குரூக்களையும் முழுக்கத் தளர்த்தி, பட்டர்ஃபிளை எனப்படும் அந்தத் தகடுகள் இரண்டும் மூடியிருந்தபோதும் இன்ஜின் நிமிடத்துக்கு 1,200 சுற்றுக்குக் கீழே இறங்க மறுத்தது. வாய் வழியே வராத காற்று வேறு எங்கிருந்தோ வருகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டியதில்லை. எனக்குத்தான் அது எட்டவில்லை. பார்க்க வந்த ஓய்வுபெற்ற மெக்கானிக் ஒருவர் சற்று நேரம் கேட்டுவிட்டு, "தம்பி, பின்னாடி உள்ளது எங்கயோ காத்து வாங்குது. அத அடைக்காம நீங்க எதத் திருகினாலும் நிக்காது" என்றார். ஆயில் கேனை எடுத்துப் பின் கார்ப்பரேட்டரின் திராட்டில் தண்டு வெளிவரும் இடத்தில் இரண்டு சொட்டு விட்டார். இன்ஜினின் சுருதி உடனே இறங்கி, எண்ணெய் உள்ளே இழுக்கப்பட்டதும் மீண்டும் ஏறியது. (இதற்குப் பெட்ரோலைத் தெளித்துப் பார்ப்பவர்களும் உண்டு. சூடான எக்ஸாஸ்டுக்கு அருகில் அந்த வேலை வேண்டவே வேண்டாம்.)

தண்டும் அது சுழலும் துளையும் தேய்ந்திருந்தன. புதூர் தொழிற்பேட்டையில் ஒரு லேத் பட்டறையில் துளையைப் பெரிதாக்கிப் பித்தளை புஷ் போட்டுப் புதுத் தண்டு பொருத்தினோம். பட்டர்ஃபிளையின் திருகுகளை இறுக்குமுன் அதை மூடிய நிலையில் வைத்துத் துளையின் நடுவில் தானாக அமரவிட வேண்டும். அவசரப்பட்டு இறுக்கினால் ஓரம் உரசி, முழுதாக மூடாது.

இதற்குப் பிறகு ஓசையை ஒத்துவைக்க அரைமணி நேரமே ஆயிற்று. பெட்ரோல் வரும் ஜெட்டை ஏற்றி இறக்கும் ஜெட் நட்டை (இறக்க இறக்கப் பெட்ரோல் கூடும்) முழுக்க மேலேற்றி இரண்டு சுற்று, அதாவது அறுகோண நட்டின் பன்னிரண்டு முகம், கீழிறக்கித் தொடங்கினேன். இன்ஜின் நன்றாகச் சூடேறியதும் கார்ப்பரேட்டரின் பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக உயர்த்திப் பார்க்க வேண்டும். இன்ஜினின் வேகம் கூடி அப்படியே இருந்தால் பெட்ரோல் அதிகம், உடனே வேகம் விழுந்தால் குறைவு, லேசாகக் கூடிப் பழைய நிலைக்கு வந்தால் சரி. 20 விழுக்காடு எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோல் அதே காற்றுக்குக் கூடுதலாக வேண்டியிருப்பதால், இரண்டிலும் மேலும் ஒவ்வொரு முகம் கீழிறக்க நேர்ந்தது. கலவையை மாற்றினால் ஓசையும் மாறும் என்பதால் குழாயை மறுபடி வைத்துப் பார்த்தேன். கிளாம்பை இறுக்கிய பின் 1,500 சுற்றிலும் ஒரு முறை கேட்டேன்.

அழகர் ஆற்றில் இறங்கி, மலைக்கும் திரும்பிவிட்டார். அடுத்த ஞாயிறு விடியற்காலையில் சித்தப்பாவை ஏற்றிக்கொண்டு அழகர்கோவில்வரை போய் வந்தேன். ஸ்லோ ஸ்பீட் 800இல் நிற்கிறது, நான்கு பிளக்குகளும் ஒரே பழுப்பில் இருக்கின்றன. பின் கார்ப்பரேட்டரின் ஜெட்டுக்கு அடியில் உள்ள கார்க் சீல் மட்டும் இன்னும் கசிகிறது. அதற்கு வேறு சீல் தேடிக்கொண்டிருக்கிறேன்.