அரிப்பு நின்ற பிறகும் விட்ட சொட்டு

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய பழைய லயத்து வீடு எங்களுடையது. பத்து வயது மகன் இரண்டு வருடங்களாகக் கண்ணைக் கசக்கிக்கொண்டேதான் எழுந்தான். செம்பனைப் பூத்தூள்தான் காரணம் என்று அக்கம்பக்கத்தில் எல்லோரும் சொன்னார்கள், நானும் நம்பினேன்.

முதலில் கடையில் சிவப்பைப் போக்கும் சொட்டு வாங்கினேன். அது ரத்தக் குழாய்களைச் சுருக்குமே தவிர ஒவ்வாமையைத் தொடாது. சில வாரங்களில் கண் முன்னைவிடச் சிவந்தது. பிறகு ஒரு கிளினிக்கில் ஒவ்வாமைக்கான சோடியம் குரோமோகிளைகேட் சொட்டு கொடுத்தார்கள், நாளைக்கு 4 வேளை. பலன் தெரியப் பல நாட்கள் ஆகும் என்று ஒருவரும் சொல்லவில்லை. மூன்றாம் நாளே நிறுத்திவிட்டேன். இன்றும் அதை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது.

அரசாங்க மருத்துவமனையில் மருந்து கொடுத்த தமிழ்ப் பெண்தான் பொறுமையாக விளக்கினாள். "அக்கா, கண்ணின் மெல்லிய சவ்வில் ஒவ்வாமையைக் கிளப்பும் மாஸ்ட் செல்கள் இருக்கின்றன. அவற்றுக்குள் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருள் மூட்டை மூட்டையாக இருக்கிறது. தலையணையில் வாழும் தூசுப்பூச்சியின் கழிவு பட்டால் மூட்டை அவிழ்ந்து கொட்டும். நரம்பில் பட்டால் அரிப்பு, ரத்தக் குழாயில் பட்டால் சிவப்பு. கசக்கினால் இன்னும் கொட்டும்."

அவள் கொடுத்தது 0.1 சதவீத ஒலோபடடைன் என்ற ஒவ்வாமைச் சொட்டு. கொட்டிய ஹிஸ்டமின் நரம்பில் போய் ஒட்டாதபடி சில நிமிடங்களில் மறிக்கும். செல் மேலும் கொட்டாமலும் அடக்கும். குரோமோகிளைகேட்டுக்கு முதல் வேலை தெரியாது. இரண்டாவதிலும் ஒரு வேறுபாடு உண்டு என்றாள்: எலியின் செல்களில் ஹிஸ்டமினை நன்றாகத் தடுத்த அந்த மருந்து, ஆய்வுக்கூடத்தில் மனிதக் கண்சவ்வின் மாஸ்ட் செல்களில் பெரிதாகத் தடுக்கவில்லை, ஒலோபடடைன் தடுத்தது. மனிதக் கண்ணுக்கான மருந்தை மனிதச் செல்லிலேயே சோதிக்க வேண்டியதன் அவசியம் எனக்கு அப்போதுதான் உறைத்தது.

முதல் நாளிலேயே அரிப்பு அடங்கியது. பழையபடி நிறுத்திவிடக் கை துறுதுறுத்தது. ஆனால் தூசு தினமும் படுகிறதே, செல்லும் தினமும் கொட்டத்தானே பார்க்கும்? காலையும் மாலையும் ஒவ்வொரு சொட்டு, விட்டதும் கண்ணின் மூக்கோர மூலையை ஒரு நிமிடம் மெல்ல அழுத்துவது என்று மருத்துவர் சொன்ன காலம் முழுவதும் தொடர்ந்தோம். புட்டியைத் திறந்த தேதியை அதன் மேலேயே எழுதி, 4 வாரத்தில் எறிந்தேன். தலையணை உறைகளை வாரந்தோறும் கொதிநீரில் ஊறவைத்துத் துவைக்கிறேன்.

போன வாரம் மாலைச் சொட்டை நான் மறந்துவிட்டேன். அவனே புட்டியை எடுத்துக்கொண்டு வந்து, என் மடியில் தலைவைத்துப் படுத்தான்.