வாத்து அணியும் கோல்காப்பாளரின் முகமூடியும்

ஐஸ் ஹாக்கியை எப்போதாவது மட்டும் பார்க்கும் ரசிகன் நான். ஆனால் திரைப்படங்களுக்கும் அந்த விளையாட்டுக்கும் உள்ள உறவு எனக்குச் சலிக்காத வேடிக்கை.

1992-இல் டிஸ்னி நிறுவனம், தோற்றுக்கொண்டே இருக்கும் ஒரு சிறுவர் அணியைப் பற்றி ‘தி மைட்டி டக்ஸ்’ (வலிமைமிக்க வாத்துகள்) என்ற படத்தை வெளியிட்டது. படம் வெற்றி பெறவே, மறு ஆண்டே அதே நிறுவனம் கலிபோர்னியாவின் அனஹைம் நகரில், அதே பெயரில், உண்மையான தொழில்முறை அணி ஒன்றைத் வட அமெரிக்காவின் முதன்மை ஐஸ் ஹாக்கித் தொடரான தேசிய ஹாக்கி லீக்கில் களமிறக்கியது. பல்லுடைந்த முரட்டு வீரர்கள், வாத்து முக வடிவிலான முகமூடிச் சின்னத்தை மார்பில் தாங்கி மோதிக்கொள்வதை நினைத்தாலே எனக்குச் சிரிப்பு வரும். அணி கைமாறிப் பெயரும் சுருங்கிய பின், 1893 முதல் வழங்கப்பட்டுவரும், இன்று அந்த லீக்கின் சாம்பியனுக்கு உரிய ஸ்டான்லி கோப்பையை அந்த வாத்துகள் 2007-இல் வென்றே விட்டன! எந்தத் திரைக்கதையாசிரியரும் இப்படி எழுதத் துணிந்திருக்க மாட்டார்.

முகமூடியின் கதை இன்னும் விநோதமானது. 1959 நவம்பர் 1 அன்று, ஆட்டத்தில் பந்துக்குப் பதிலாக அடிக்கப்படும் ‘பக்’ என்ற கெட்டியான ரப்பர் வட்டு தாக்கி முகம் கிழிந்த மாண்ட்ரியல் அணியின் கோல்காப்பாளர் ஜாக் பிளாண்ட், தையல் போட்டுக்கொண்டு, அதுவரை பயிற்சியில் மட்டும் அணிந்துவந்த முகமூடியுடன் களத்துக்குத் திரும்பினார். ஒரு மனிதரின் முகத்தைக் காப்பாற்றிய அந்தக் கவசத்தை, ‘ஃபிரைடே தி 13த்’ என்ற திகில் பட வரிசையின் மூன்றாம் படம் 1982-இல் கொலைகாரனுக்கு மாட்டிவிட்டது. ஹாக்கியையே பார்த்திராதவர்களும் இன்று அதைக் கண்டு அலறுகிறார்கள். பிளாண்டின் பெயரோ அவர்களில் பலருக்குத் தெரியாது. அது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.