மூடியும் காற்றும்: ஜாடி நாட்குறிப்பு

மார்ச் 3

சிவப்பு முட்டைக்கோஸ், உப்பிட்டுப் புளிக்க வைக்க. வாடிய மேல் இலைகளை உரித்து, நடுத்தண்டைக் குடைந்து எடுத்துவிட்டு மெல்லிசாக நறுக்கினேன். தராசில் 1,150 கிராம். அதில் 2 சதவீதம் உப்பு, அதாவது 23 கிராம். கரண்டிக் கணக்கில் எனக்கு நம்பிக்கை இல்லை. பரல் உப்பும் தூள் உப்பும் ஒரே கரண்டிக்குள் வேறு வேறு எடை நிற்கும். சமையலில் உப்பு கூடினால் சமாளித்துக்கொள்ளலாம், இங்கே நொதிப்பின் போக்கே மாறிவிடும். குறைந்தால் காய் கொழகொழத்துப் போகும், மிகவும் கூடினால் புளிப்பு ஏறவே ஏறாது.

2 சதவீத உப்பில் எல்லாக் கிருமியும் செத்துவிடாது. அழுக வைக்கும் கூட்டம் திணறும்; காயைப் புளிக்க வைக்கும் லாக்டிக் அமில பாக்டீரியா தாங்கிக்கொள்ளும். அந்த முந்துதல் போதும். அவை இலையோடேயே வந்தவை, தனியாக எதையும் வாங்கிச் சேர்க்க வேண்டியதில்லை.

உப்பைத் தூவிப் பிசைந்து அரை மணி நேரம் விட்டதும் பாத்திரத்தின் அடியில் ஊதா நிறச் சாறு நின்றது. எல்லாவற்றையும் கண்ணாடி ஜாடிக்குள் போட்டு முஷ்டியால் அழுத்தினேன். அழுத்துவது இடம் மிச்சம் பிடிக்க என்று நினைப்பவர்கள் உண்டு. இடுக்குகளில் இருக்கும் காற்று வெளியேற வேண்டும், சாறு காய்க்கு மேலே ஏறி நிற்க வேண்டும், அதற்குத்தான். மேலே ஒரு முழு இலையை மடித்து வைத்து, அதன்மேல் கனமான சிறு கண்ணாடிக் குப்பி. விளிம்புக்குக் கீழே மூன்று விரல் இடம் விட்டிருக்கிறேன், பொங்குவதற்கு.

சிவப்பைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. அதிலுள்ள ஆந்தோசயனின் நிறமி அமிலம் ஏற ஏற ஊதாவிலிருந்து இளஞ்சிவப்புக்கு மாறும். உள்ளே என்ன நடக்கிறது என்பதை ஜாடியே சொல்லிவிடும்.

மார்ச் 4

கொம்புச்சா என்பது இனிப்புத் தேநீரைப் புளிக்க வைத்துச் செய்யும் பானம். தோழி கொம்புச்சாத் தட்டு ஒன்று கொடுத்தாள், அது மிதந்துகொண்டிருந்த பழைய திரவத்தோடு. எல்லோரும் அந்த வழுவழுப்பான தட்டையே கொண்டாடுகிறார்கள். எனக்கு அந்தத் திரவம்தான் முக்கியம். பாக்டீரியாவும் ஈஸ்டும் அதில் தாராளமாக இருக்கின்றன, அமிலமும் அதில்தான் இருக்கிறது. புதிய தேநீர் முதல் நாளிலிருந்தே புளிப்பாக இருந்தால் பூசணம் அண்டாது. தட்டு என்பது பாக்டீரியா நெய்த செல்லுலோஸ்தான். இல்லாவிட்டாலும் புதிதாக ஒன்று உருவாகிவிடும்.

ஒரு லிட்டர் தண்ணீர், 70 கிராம் சர்க்கரை, 6 கிராம் கறுப்புத் தேயிலை. நன்றாக ஆறிய பிறகு பழைய திரவம் 150 மில்லி. சூட்டோடு ஊற்றினால் எல்லாம் வெந்துவிடும். வாயை நெருக்கமான நெசவுள்ள துணியால் மூடி ரப்பர் வளையம் போட்டேன். வலைத்துணி வேண்டாம், பழ ஈ அதற்குள் நுழைந்துவிடும்.

இப்போது மேசையில் இரண்டு ஜாடிகள். முட்டைக்கோஸுக்குள் காற்று போகவே கூடாது. கொம்புச்சாவுக்குக் காற்று வேண்டும்: ஈஸ்ட் சர்க்கரையை ஆல்கஹாலாக்கும், அந்த ஆல்கஹாலை அசிட்டிக் அமிலமாக்கும் பாக்டீரியாவுக்கு ஆக்சிஜன் இல்லாமல் வேலை ஓடாது. மூடிகளை மாற்றிப் போட்டால் இரண்டுமே வீண். வீட்டில் ஜாடி வைக்கத் தொடங்குகிறவர்கள் செய்முறையை மனப்பாடம் செய்வதைவிட இந்த ஒன்றைக் கேட்டுக்கொள்ளலாம்: இந்த ஜாடிக்குக் காற்று வேண்டுமா, வேண்டாமா?

மார்ச் 6

முட்டைக்கோஸ் பொங்கி வழிந்திருக்கிறது. அடியில் தட்டு வைத்திருந்ததால் மேசை தப்பியது. மூடியைத் தளர்த்தியதும் புஸ்ஸென்று சத்தம், கூடவே கந்தக வாடை. முட்டைக்கோஸ் குடும்பக் காய்கள் எல்லாமே ஆரம்பத்தில் இப்படித்தான் நாறும், பயப்பட வேண்டாம்.

இந்த முதல் கட்டத்தை நடத்துவது லியூகோனோஸ்டாக் என்னும் பாக்டீரியா. லாக்டிக் அமிலத்தோடு கார்பன் டை ஆக்சைடையும் நிறைய வெளிவிடும். அந்த வாயுதான் ஜாடியின் மேற்பகுதியில் மிச்சமிருக்கும் ஆக்சிஜனை வெளியே தள்ளுகிறது. ஆகவே இந்த நாட்களில் வாயுவை விடுவதற்கு மூடியைத் தளர்த்தினால் போதும். முழுதாகத் திறந்து முகர்ந்து பார்ப்பது நம் ஆசைக்குச் செய்வது. வாயுவை வெளியே விட்டு, காற்றை உள்ளே விடாத ஏர்லாக் மூடி இருந்தால் அந்த வேலையும் இல்லை. எனக்கு அந்தப் புஸ் சத்தம் பிடிக்கும் என்பதால் வாங்கவில்லை.

சாறு ஓரங்களில் சிவக்கத் தொடங்கிவிட்டது.

மார்ச் 8

நுரைக்கும் இஞ்சிப் பானத்துக்கான இஞ்சி ஊறல் ஆரம்பம். தோலோடு துருவிய இஞ்சி, சர்க்கரை, தண்ணீர். தினமும் கொஞ்சம் இஞ்சியும் சர்க்கரையும் சேர்த்துக் கலக்க வேண்டும். தோலைச் சீவினால் அதிலிருக்கும் ஈஸ்டும் சேர்ந்து போய்விடும். கதிர்வீச்சுக்கு உட்படுத்திய இஞ்சி என்றால் எவ்வளவு காத்திருந்தாலும் அசையாமல் கிடக்கலாம். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் கொதிக்க வைத்து ஆற்றிக்கொள்வது நல்லது. வேறு சொல்ல ஒன்றுமில்லை.

மார்ச் 10

அக்கா போன் செய்தாள். கேரட் ஜாடி வைத்திருக்கிறாளாம்.

"மேல வெள்ளையா ஏதோ படிஞ்சிருக்குடி, கொட்டிடவா?"

"பஞ்சு பஞ்சா எழும்பி நிக்குதாக்கா, இல்ல தட்டையா படிஞ்சிருக்கா?"

தட்டையாம், லேசாகச் சுருங்கிய ஆடை போல. படம் அனுப்பச் சொன்னேன். காம் ஈஸ்ட் என்று சொல்வார்கள், அதுதான். ஆபத்தில்லை, வழித்து எடுத்துவிடலாம், ஆனால் விட்டுவைத்தால் ஒருமாதிரி வாடை ஏறும். பச்சை, கறுப்பு, இளஞ்சிவப்பு என்று நிறம் காட்டி ரோமம் போல் எழும்பினால் கதை வேறு. அது பூசணம், ஜாடியோடு கொட்டிவிட வேண்டும். "மேலாப்புல எடுத்துட்டா போதாதா?" என்று கேட்டாள். போதாது. கண்ணுக்குத் தெரிவது மேல்பகுதி மட்டும், இழைகள் கீழே இறங்கியிருக்கும். அதோடு பூசணம் லாக்டிக் அமிலத்தையே தின்னும், ஜாடியைக் காப்பாற்றிக்கொண்டிருந்த புளிப்பு குறைந்துகொண்டே போகும். சில வகைகள் நச்சும் விடும்.

அவள் படத்தைப் பார்த்ததும் காரணம் புரிந்தது. இரண்டு லிட்டர் ஜாடியில் கால்பங்கு கேரட். மேலே முழுக்கக் காற்று. கேரட் விடும் கொஞ்சம் வாயுவால் அவ்வளவு இடத்தையும் நிரப்ப முடியாது. ஆடையை வழித்துவிட்டு, கழுத்துவரை நிரம்பும் சின்ன ஜாடிக்கு மாற்றச் சொன்னேன்.

பூண்டு நீலமாகிவிட்டது என்று இன்னொரு புகார். அது பூண்டின் கந்தகச் சேர்மங்கள் அமினோ அமிலங்களோடு சேர்ந்து செய்யும் வேலை. சாப்பிடலாம். உப்புநீர் கலங்கியிருப்பதும் அடியில் வெள்ளையாகப் படிந்திருப்பதும் பாக்டீரியா பெருகியதன் அடையாளம்தான். நீலப் பூண்டை மட்டும் அவள் நம்பவில்லை, பொறுக்கி எடுத்துவிடப் போகிறாளாம். சரி.

மார்ச் 12

வெள்ளரிப் பிஞ்சுகள், முழுதாக. காம்பு இருந்த பக்கம் அப்படியே இருக்கட்டும், பூ இருந்த நுனியை மட்டும் மெல்லிசாகச் சீவி எறிந்தேன். காயை மெத்தென்று ஆக்கும் நொதி அந்த நுனியில்தான் அதிகம். மொறுமொறுப்புக்காக இரண்டு திராட்சை இலையும் போட்டிருக்கிறேன். அதிலுள்ள டானின் அந்த நொதியை அடக்கும்.

முட்டைக்கோஸ் தன் சாற்றிலேயே முழுகும். முழு வெள்ளரிக்கு உப்புநீர் ஊற்ற வேண்டும், அங்கேதான் கணக்கு இடறுகிறது. தண்ணீருக்கு மட்டும் உப்பு கணக்கிட்டால், காயிலிருந்து நீர் வந்து கலந்ததும் அளவு இறங்கிவிடும். நான் தண்ணீரையும் காயையும் சேர்த்தே எடைபோடுகிறேன்: 600 கிராம் காய், 500 கிராம் தண்ணீர், மொத்தம் 1,100. அதில் 3.5 சதவீதம், 38.5 கிராம் உப்பு. தண்ணீரை மட்டும் கணக்கில் எடுப்பவர்கள் 5 சதவீதம் என்று எழுதியிருப்பார்கள். இரண்டு முறையையும் கலந்து படித்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

மார்ச் 14

முட்டைக்கோஸின் புளிப்பை அளந்தேன். பி.எச் என்பது புளிப்பைக் காட்டும் எண், அது குறையக் குறையப் புளிப்பு கூடுதல். பி.எச் தாள் சிவப்புச் சாற்றில் உதவாது, சாற்றின் நிறமே தாளில் ஏறிவிடுகிறது. மீட்டரை 7.00, 4.01 கரைசல்களில் சரிபார்த்துவிட்டு வைத்தேன். 3.6. ஊதா போய், ஜாடி முழுக்கப் பளிச்சென்ற இளஞ்சிவப்பு.

இந்த எண்ணைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். காற்று புகாமல் வைத்தால் பூசணம் வராது என்று இதுவரை எழுதிவந்தேன். ஆனால் காற்றில்லாத இடத்தையே விரும்பும் கிருமியும் உண்டு. க்ளாஸ்ட்ரிடியம் போட்டுலினம், அதன் நச்சு ஆளையே கொல்லக்கூடியது. அப்படியானால் நாம் அதற்கு வசதியாக ஓர் இடம் அமைத்துக் கொடுக்கவில்லையா? கொடுக்கிறோம், முதல் சில நாட்களுக்கு. அந்த நாட்களில் உப்பும் லாக்டிக் பாக்டீரியாவின் வேகமும்தான் காவல். பி.எச் 4.6-க்குக் கீழே இறங்கிவிட்டால் போட்டுலினம் வளர்ந்து நச்சு உண்டாக்க முடியாது. 3.6 என்பது அந்தக் கோட்டுக்கு வெகு கீழே.

அதனால்தான் "உடம்புக்கு நல்லது" என்று உப்பை ஒரு சதவீதத்துக்கும் கீழே குறைப்பது எனக்கு உடன்பாடில்லை. உப்பு ஆகாதவர்கள் கொஞ்சமாகச் சாப்பிடலாம், ஜாடியில் கை வைக்க வேண்டாம். நோய் எதிர்ப்பு சக்தி மிகவும் குன்றியவர்கள் மருத்துவரைக் கேட்காமல் பச்சையாக நொதித்தவற்றைச் சாப்பிடாமல் இருப்பதே நல்லது.

ஜாடி கண்ணாடியாக இருக்கட்டும் என்பதற்கும் இதே அமிலம்தான் காரணம். பழைய பீங்கானின் மெருகில் ஈயம் இருந்தால் புளிப்பு அதைக் கரைத்து எடுத்துவிடும்.

மார்ச் 15

மழை. ஜாடிகளுக்கு வேலை இல்லை, எனக்கும் இல்லை.

கேப்டன் ஜேம்ஸ் குக் 1768-இல் எண்டெவர் கப்பலில் கிளம்பியபோது, வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி நோயைத் தடுக்கப் பீப்பாய் பீப்பாயாகப் புளித்த முட்டைக்கோஸ் ஏற்றிச் சென்றார். மாலுமிகள் தொடவில்லை. அவர் கட்டாயப்படுத்தாமல், அதிகாரிகளின் மேசையில் தினமும் பரிமாறச் செய்து, மற்றவர்கள் இஷ்டம்போல் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார். பெரியவர்கள் சாப்பிடுவதைப் பார்த்ததும் எல்லோருக்கும் வேண்டும் என்றாகிவிட்டது. தந்திரக்காரர்.

எனக்குச் சுவாரசியமாகப் படுவது வைட்டமின் சி. ஆக்சிஜன் பட்டால் சிதையும் சத்து அது. காற்று இல்லாமல் புளிப்பில் முழுகிக் கிடந்ததால்தான் பீப்பாய்க்குள் அதில் ஒரு பங்காவது தாக்குப்பிடித்திருக்கும்.

மார்ச் 17

கொம்புச்சாவை ஸ்ட்ராவால் உறிஞ்சிப் பார்த்தேன். இனிப்பு இன்னும் கொஞ்சம் இருக்கிறது, புளிப்பு பின்னால் வந்து நிற்கிறது. இதற்கு மேல் விட்டால் வினிகர். மேலே புதுத்தட்டு மெல்லிசாகப் படர்ந்திருக்கிறது. அடுத்த முறைக்கு 150 மில்லி எடுத்து வைத்துவிட்டு மீதியைப் பாட்டிலில் அடைத்தேன்.

இங்கே மூடியின் வேலை தலைகீழாகிறது. இதுவரை துணி, இனி இறுக்கமான மூடி. உண்டாகும் வாயு வெளியே போகாமல் பானத்தில் கரைந்தால்தான் நாக்கில் சுறுசுறுக்கும். இஞ்சி ஊறலும் நுரைக்கத் தொடங்கிவிட்டது. அதில் ஒரு பங்கை ஆறிய இஞ்சிச் சர்க்கரைத் தண்ணீரில் கலந்து அதையும் அடைத்தேன்.

பாட்டில் விஷயத்தில் விளையாட வேண்டாம். சதுரமான அலங்காரப் பாட்டில்கள் அழுத்தம் தாங்காது, மூலையில் வெடிக்கும். வாயு பானத்துக்கென்றே செய்த தடித்த உருண்டைப் பாட்டில்தான் வேண்டும். ஒவ்வொரு தொகுப்பிலும் ஒன்றை மட்டும் பிளாஸ்டிக் பாட்டிலில் ஊற்றுகிறேன். அதை விரலால் அழுத்திப் பார்ப்பேன். கல்லாக இறுகியதும் எல்லாமே குளிர்பதனப் பெட்டிக்குள். குளிரில் ஈஸ்ட் மந்தமாகும், நின்றுவிடாது, அதனால் அங்கேயும் வருடக்கணக்கில் வைக்கக் கூடாது. மூடிய பாட்டிலில் ஆல்கஹாலும் கொஞ்சம் ஏறும், குழந்தைகளுக்குக் கொடுப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

மார்ச் 20

இஞ்சிப் பாட்டில் இறுகிவிட்டது, எல்லாம் உள்ளே போயின. கொம்புச்சா இன்னும் அமுங்குகிறது.

முட்டைக்கோஸை முள்கரண்டியால் எடுத்துச் சாப்பிட்டேன். புளிப்பு இருக்கிறது, ஆனால் ஒரே தட்டையான புளிப்பு. லியூகோனோஸ்டாக் ஓய்ந்து, அமிலத்தை இன்னும் நன்றாகத் தாங்கும் பிளாண்டாரம் என்னும் லாக்டிக் பாக்டீரியா பொறுப்பேற்றுவிட்டது போலிருக்கிறது. 18 முதல் 20 டிகிரியில் இந்தக் கைமாற்றம் மெதுவாக நடந்து ருசி கூடும். இங்கே 26 டிகிரி, எல்லாம் அவசரம். அதனால் வெளியே விட்டுவைக்காமல் குளிரில் சில வாரம் வைத்துப் பார்க்கப் போகிறேன்.

மிச்சச் சாற்றை அடுத்த ஜாடிக்கு உறையாக ஊற்றலாமே என்று அக்கா கேட்டாள். வேகமாகப் புளிக்கும் என்பது உண்மை. ஆனால் முதல் கட்டத்தைத் தாண்டி நேராகப் பிளாண்டாரத்தில் தொடங்கிவிடும், அந்த ஆரம்ப வாசனைகள் கிடைக்காது. நான் ஊற்றுவதில்லை, குடித்துவிடுகிறேன். அவளுடைய சின்ன ஜாடியில் ஆடை திரும்ப வரவில்லையாம்.

வெள்ளரியில் ஒன்றை எடுத்துக் குறுக்கே வெட்டினேன். ஓரம் பச்சை மாறிக் கண்ணாடித்தன்மை வந்திருக்கிறது, நடுவில் இன்னும் வெள்ளை. பாதிப் புளிப்பில் சாப்பிடப் பிடித்தவர்களுக்கு இதுவே பதம். எனக்கு முழுப் புளிப்பு வேண்டும், ஜாடி மேசையிலேயே இருக்கட்டும்.