செங்கோட்டைக் கணவாயின் இரு கரைகள்

ஆனிச் சாரல் பிடித்துக்கொண்ட ஒரு காலையில் தென்காசியிலிருந்து புனலூர் செல்லும் ரயிலில் ஏறினேன். செங்கோட்டையைத் தாண்டிப் பகவதிபுரம் வரை வயலும் தென்னந்தோப்புமாக வரும் நிலம் அங்கிருந்து மலையாகிவிடுகிறது. முன்னும் பின்னும் எஞ்சின் பூட்டிய வண்டி மூச்சிரைத்து ஏறுகிறது. குற்றாலத்துச் சீசனைக் கொண்டுவரும் மேல்காற்று இந்தத் தாழ்வான கணவாய் வழியாகத்தான் நம் சீமைக்குள் நுழைகிறது. காற்றுக்கு இவ்வளவு தாராளமாக வழிவிடும் இடம் காட்டு உயிர்களுக்கும் வழிவிடுகிறதா என்று பார்க்கவே வந்திருந்தேன்.

கணவாய்க்கு வடக்கே மேக்கரையிலிருந்து பெரியாறு வரை ஒரு காட்டுத் தொடர். தெற்கே குற்றாலம், களக்காடு முண்டந்துறை, அகத்தியமலை என்று குமரிமுனைப் பக்கம் வரை மற்றொன்று. இடையிலுள்ள பள்ளம் மனிதர் தோண்டியதன்று, இயற்கையாக அமைந்தது. குளிர்ந்த உச்சிச் சோலைகளைவிட்டு இறங்காத சிறு பறவைகளுக்கு வெக்கையான இந்தப் பள்ளம் கடலைப் போன்றது. சோலையின் அடிமரப் புதர்களுக்குள் வாழும் ஒரு நீலநிறப் பறவை, கணவாய்க்குத் தெற்கே அசம்பு மலைகளில் மட்டும் நெடுங்காலம் தனித்து வாழ்ந்து தனி இனமாகவே ஆகிவிட்டதை 2017இல் ஆய்வாளர்கள் விவரித்து, அம்மலையின் பெயரையே அதற்கு இட்டார்கள்.

பறவையைப் பிரிக்க ஒரு கணவாய் வேண்டியிருந்தது. சிங்கவால் குரங்கு எனப்படும் சோலைமந்தியைப் பிரிக்க ஒரு தேயிலைச் சரிவு போதும். இரண்டு நாட்களுக்கு முன் மணிமுத்தாறு வழியாக மாஞ்சோலைக்கும் அதற்கு மேலே காக்காச்சிக்கும் போயிருந்தபோது அதை நேரில் உணர்ந்தேன். சிங்கம்பட்டி ஜமீன் காட்டின் ஒரு பகுதி 1929இல் குத்தகைக்கு விடப்பட்டுத் தேயிலையாக மாறிய இடம் அது. வெடிப்பலா மரங்கள் நெருங்கி நிற்கும் காட்டின் விளிம்பில் ஒரு சோலைமந்திக் கூட்டம் கிளை விட்டுக் கிளை தாவி வந்து, மரங்கள் முடிந்த இடத்தில் நின்றுவிட்டது. எதிர்ச்சரிவிலும் காடுதான். நடுவில் இடுப்பளவு உயரத்துக்கு வெட்டிவிடப்பட்ட தேயிலை. சிறிது நேரம் கழித்துக் கூட்டம் வந்த வழியே திரும்பியது. பெண் மந்திகள் பிறந்த கூட்டத்திலேயே தங்கிவிடும். வளர்ந்த ஆண்கள்தாம் வெளியேறி வேறு கூட்டங்களை நாடும். அந்த ஆண்களின் போக்கு தடைப்பட்டால் துண்டுக் காட்டுக்குள் உறவுக்குள்ளேயே இனம் பெருகி, தலைமுறைதோறும் நலிவு சேரும். மரங்கள் அப்படியே நிற்பதால் வெளியிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்கு இந்த இழப்பு தெரிவதில்லை என்பதுதான் என்னை அதிகம் வருத்துகிறது. வால்பாறையில் சாலைக்கு மேலே மரத்துக்கு மரம் பாலம் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். மந்திகள் அதைப் பயன்படுத்துகின்றன.

யானைக்கோ இந்தக் கணவாய் ஒரு இரவு நடைதான். நீரும் புல்லும் பருவத்துக்குப் பருவம் இடம் மாறுவதால், தாய்யானையின் நினைவிலுள்ள தடங்களைப் பற்றிக்கொண்டு நூற்றுக்கணக்கான சதுர கிலோமீட்டர் பரப்பில் நடந்தே அது வாழ வேண்டும். 1904இல் இருப்புப்பாதை வந்தது, நெடுஞ்சாலை அகலமானது, தோட்டங்களும் வீடுகளும் இடத்தை நிரப்பின. பெரியாற்று யானைகளுக்கும் அகத்தியமலை யானைகளுக்கும் இருந்த தொடர்பு இங்கேதான் அறுந்தது. நாங்குநேரியில் பிறந்த காட்டுயிர் அறிஞர் ஏ.ஜே.டி. ஜான்சிங் இந்த இணைப்பை மீட்க வேண்டுமென்று வலியுறுத்தி வந்தார். 2024இல் அவர் மறைந்தார். ரயில் கோட்டைவாசல் அருகே சுரங்கத்துக்குள் நுழைந்து பெட்டி இருண்டபோது அவரைத்தான் நினைத்துக்கொண்டேன். வண்டி மலைக்கு அடியில் ஓடும் அந்தத் தூரத்தில் தண்டவாளம் எந்த விலங்கையும் மறிப்பதில்லை. மேலே மறிப்பது சாலைதான்.

மாலையில் வடகரை என்ற ஊரில் இறங்கித் தோப்புக்காரப் பெரியவர் ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். யானை இறங்குவது அங்கே புதிய செய்தியன்று. "வயிறு எரியத்தான் செய்யுது தம்பி, பிள்ளையப் போல வளத்த தென்னை" என்றவர், சாய்ந்து கிடந்த மரத்தைக் காலால் தொட்டுக் காட்டினார். "வேலிய மின்சாரமாக்கினா அடுத்த தோப்புக்குப் போவும். அதுக்குப் போக்கிடம் வேணும்லா?" அவருடைய இழப்புக்கு உரிய ஈடு உரிய நேரத்தில் கிடைப்பதும் இந்த வழியைக் காக்கும் வேலையில் ஒரு பங்கென்றே நான் கருதுகிறேன், நஷ்டத்தைத் தனியாகச் சுமப்பவரிடம் பொறுமையை மட்டும் கேட்பது நியாயமன்று.

பேச்சு அரிக்கொம்பனிடம் போனது. சின்னக்கானலில் பிடிபட்டுப் பெரியாற்றில் விடப்பட்டு, கம்பம் ஊருக்குள் வந்ததால் மீண்டும் பிடிபட்ட அந்த ஆண்யானையை 2023 ஜூன் மாதம் கணவாய்க்குத் தெற்கே, மேல்கோதையாற்றுக் காட்டில் கொண்டுவிட்டார்கள். செப்டம்பரில் அது மாஞ்சோலைப் பக்கம் வந்தது. லாரியில் ஏற்றப்பட்டுக் கணவாயின் தென்கரைக்கு வந்த யானை அது. பிறந்த காடு கணவாய்க்கு வடக்கே இருக்கிறது.

இரவு கணவாய்ச் சாலையிலுள்ள புளியரையில் ஒரு டீக்கடை வாசலில் அமர்ந்தேன். ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிய லாரிகள் கேரளத்துக்கு வரிசையாக ஏறிக்கொண்டிருந்தன. எதிர்ப்பக்கம் மலையின் இருட்டு, என் முதுகுக்குப் பின்னால் மற்றொரு மலையின் இருட்டு. குட்டியுடன் ஒரு கூட்டம் சாலையைக் கடக்க எவ்வளவு நேரம் வேண்டியிருக்கும் என்று மனத்துக்குள் நடத்திப் பார்த்தேன்: தாய் முன்னே நின்று மோப்பம் பிடிக்க வேண்டும், குட்டி கால்களுக்கிடையே ஒதுங்க வேண்டும், கடைசி யானை திரும்பிப் பார்த்துவிட்டு இறங்க வேண்டும். நான்கு நிமிடமாவது ஆகும். கடிகாரத்தைப் பார்த்தபடி பதினொன்றரை வரை இருந்தேன். சாலை ஒரு முறைகூட நான்கு நிமிடம் சும்மா கிடக்கவில்லை.