கணக்கில் வராத வீடற்றவர்கள்

வீடற்றவர்கள் என்றதும் நடைபாதையில் படுத்திருக்கும் ஓர் ஆணின் உருவமே பலருக்கும் மனத்தில் எழுகிறது. கணக்கெடுப்புகளும் பெரும்பாலும் அந்த உருவத்தையே தேடிச் செல்கின்றன. இரவில் தெருக்களைச் சுற்றிவந்து தலைகளை எண்ணும் முறையில் பெண்களும் இளையோரும் அதிகம் அகப்படுவதில்லை. திறந்த வெளியில் கண்ணயர்ந்தால் பாலியல் வன்முறைக்கு ஆளாக நேரிடும் என்பதால், அவர்கள் ஓடும் பேருந்திலோ மருத்துவமனையின் காத்திருப்புக் கூடத்திலோ இரவைக் கழிக்கிறார்கள். தெரிந்தவர் வீட்டில் சில நாள் தங்கி, அங்குள்ளவர்கள் முகம் சுளிப்பதற்குள் வேறிடம் தேடுகிறார்கள். ஒதுங்க ஓர் இடம் வேண்டுமே என்று தம்மைத் துன்புறுத்துபவருடனேயே வாழ்கிறவர்களும் உண்டு.

வீடற்றோருக்கான ஐரோப்பிய அமைப்புகளின் கூட்டமைப்பு 2005இல் வெளியிட்ட ‘ஈத்தோஸ்’ வகைப்பாடு, வன்முறை அச்சுறுத்தலின் கீழ் ஒரே வீட்டில் வாழ்வதையும் இந்தப் பிரச்சினையின் ஒரு வடிவமாகவே சேர்த்தது. அது மிகச் சரியான முடிவு என்று உறுதியாக நம்புகிறேன். ஏனெனில் பெண்கள் வீட்டை இழப்பதற்கான முதன்மைக் காரணங்களில் ஒன்று வீட்டுக்குள் நடக்கும் வன்முறைதான்.

குழந்தைகளுடன் வெளியேறும் பெண்ணின் நிலை இன்னும் கொடியது. பெண்களுக்கான சில காப்பகங்கள் வளர்ந்த மகனைச் சேர்த்துக்கொள்வதில்லை. தங்க இடமில்லை என்று குழந்தைகள் அரசுப் பராமரிப்புக்குப் போய்விட்டால், தாய் தனிநபராகக் கருதப்பட்டு அவருக்கு ஓர் அறை மட்டுமே கிடைக்கிறது; அந்த ஓர் அறை போதாது என்பதே பின்னர் குழந்தைகளைத் திருப்பித் தராததற்குக் காரணமாகிறது. இந்தச் சுழலை உருவாக்குவது அவருடைய நடத்தையன்று; வீடு ஒதுக்கும் அலுவலகம், குழந்தைகளைப் பராமரிக்கும் அலுவலகம் ஆகிய இரண்டின் விதிகள்.

இளையோரில் பலர் குடும்பப் பிளவாலும், தம் பாலினத்தையோ பாலீர்ப்பையோ வெளிப்படுத்தியதாலும் வீட்டைவிட்டுத் துரத்தப்படுகிறார்கள். பராமரிப்பு இல்லத்தில் வளர்ந்தவர்களுக்குப் பல நாடுகளில் 18 வயது நிறைவதே ஆதரவு அறுபடும் நாளாகிவிடுகிறது. முன்பணமும் பிணை நிற்க ஆளும் இல்லாத ஒருவரை எந்த வீட்டுக்காரர் ஏற்பார்?

முதலில் தகுதியை நிரூபி, பிறகு வீடு தருகிறோம் என்ற பழைய வரிசையைத் தலைகீழாக்கி, எந்த முன்நிபந்தனையும் இன்றி முதலில் வீடு தரும் முறை 1992இல் நியூயார்க்கில் தொடங்கியது. 2008 முதல் பின்லாந்து அதைத் தேசியக் கொள்கையாக்கி, தற்காலிக விடுதிகளை நிரந்தரக் குடியிருப்புகளாக மாற்றியது. அங்கு வீடற்றோர் எண்ணிக்கையும் குறைந்தது. ஆயினும் தனித்து வாழும் ஆணை மனத்தில் வைத்து இதை அப்படியே நகலெடுத்தால் போதாது. பெண்ணுக்குத் தரும் வீட்டின் முகவரி துன்புறுத்தியவருக்குத் தெரியாமல் காக்கப்பட வேண்டும். குழந்தைகள் திரும்பி வந்து சேருமளவுக்கு அதில் இடமும் இருக்க வேண்டும். பராமரிப்பு இல்லத்திலிருந்து வெளியேறும் இளைஞருக்கோ, அந்த நாள் வருமுன்பே வாடகை ஒப்பந்தம் கையெழுத்தாகியிருக்க வேண்டும்.