பெரிய அசெம்பிளியும் ஒரு ஆலன் போல்ட்டும்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் நான் வேலை செய்யும் சிறு நிறுவனம், வாகன உதிரிபாகத் தொழிற்சாலைகளுக்கு எஸ்.பி.எம். எனப்படும் தனித்தேவை இயந்திரங்களை வடிவமைத்துக் கட்டிக் கொடுக்கிறது. சென்ற ஆண்டு ஏழு நிலையங்களும் அவற்றை இணைக்கும் கன்வேயரும் கொண்ட இயந்திரம் ஒன்றைச் சாலிட்வொர்க்ஸ் என்ற முப்பரிமாண வடிவமைப்பு மென்பொருளில் வரைந்துகொண்டிருந்தோம். காலையில் வந்ததும், எல்லாப் பாகங்களும் சேர்ந்த முழு அசெம்பிளியைத் திறக்கச் சொடுக்கிவிட்டு, தெருமுனைக் கடைக்குப் போய்த் தேநீர் குடித்து, செய்தித்தாளின் விளையாட்டுப் பக்கத்தையும் முடித்துத் திரும்பினாலும் கோப்பு பாதிதான் திறந்திருக்கும். “தம்பி, கீழே மெஷினையே கட்டி முடிச்சுடுவாங்க போல, உங்க ஃபைல் இன்னும் திறக்கலையே?” என்று இயந்திரம் கட்டும் ஷாப்பிலிருந்து வரும் மூத்தவர் கேட்பார். எனக்குச் சிரிப்பு வராது.

முதலில் எல்லோரும் செய்வதையே நாங்களும் செய்தோம். கணினியைக் குறை சொன்னோம். நிர்வாகமும் மறுக்காமல் 16 ஜிபி ராமை 64 ஜிபி ஆக்கிக் கொடுத்தது. கோப்பு திறப்பது ஓரளவு விரைந்ததே தவிர, ஒரு துளையை இரண்டு மில்லிமீட்டர் நகர்த்திவிட்டு, மாடலை மீண்டும் கணக்கிட்டு உருவாக்கும் ரீபில்ட் கொடுத்தால் பழைய காத்திருப்பு அப்படியே இருந்தது. ராம் போதாமல் இருந்தால்தான் ராம் உதவும். துளை, வெட்டு போன்ற ஒரு ஃபீச்சரைக் கணக்கிட்ட பிறகே அதைச் சார்ந்த அடுத்ததைக் கணக்கிட முடியும் என்பதால், ரீபில்ட் வேலையின் பெரும்பகுதி பிராசசரின் ஒரே கோரில்தான் நடக்கிறது. பதினாறு கோர் வாங்கினாலும் மற்றவை பெரும்பாலும் வேடிக்கைதான் பார்க்கும். கோர்களின் எண்ணிக்கையை விட ஒரு கோரின் வேகம் முக்கியம் என்பதைச் செலவு செய்த பிறகுதான் உணர்ந்தோம்.

அதன் பின்னரே ‘பெர்ஃபார்மன்ஸ் எவால்யுவேஷன்’ என்ற கருவியைத் திறந்து பார்த்தேன். எந்தப் பாகம் திறக்க எவ்வளவு நேரம் எடுக்கிறது, எதைத் திரையில் காட்ட அதன் மேற்பரப்பை எத்தனை சிறு முக்கோணங்களாகப் பிரித்து வரைய வேண்டியிருக்கிறது என்று அது வரிசைப்படுத்திச் சொல்லிவிடுகிறது. கியர் மோட்டாரோ ரோபோவோ முதலிடத்தில் இருக்கும் என்று எதிர்பார்த்த எனக்கு அங்கே கிடைத்தது, ஆறு மி.மீ. விட்டமுள்ள ஓர் எம்6 ஆலன் போல்ட். யாரோ இணையத்திலிருந்து இறக்கிய அந்த மாடலில் மரை வெறும் அடையாளமாக இல்லாமல், சுருள் சுருளாக உண்மையாகவே வெட்டப்பட்டிருந்தது. கோப்பு ஒன்றுதான் என்றாலும், அசெம்பிளியில் அது நிற்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இடங்களில் ஒவ்வொன்றிலும் கிராபிக்ஸ் கார்டு அத்தனை முக்கோணங்களையும் வரைந்தாக வேண்டும். இதனால் யாருக்கு என்ன பயன்? 5 மி.மீ. துளையிட்டு டேப்பால் மரை வெட்டுபவர் டிராயிங்கில் ‘எம்6’ என்ற எழுத்தைத்தான் பார்க்கிறார். ஒரு உருளை, ஒரு தலை, தலையில் அறுகோணக் குழி, இவ்வளவு மட்டும் கொண்ட போல்ட்டை நானே வரைந்து பழையதற்குப் பதிலாக மாற்றியவுடன், அதுவரை விட்டு விட்டுச் சுழன்ற மாடல் கைக்கு அடங்கிச் சுழன்றது.

அடுத்த குற்றவாளி கியர் மோட்டார். தயாரிப்பாளர்கள் தரும், பல வடிவமைப்பு மென்பொருள்களிலும் திறக்கும் ஸ்டெப் கோப்பில் சில சமயம் உள்ளே இருக்கும் பற்சக்கரங்கள், பேரிங்குகள், பெயர்ப்பலகையின் புடைப்பு எழுத்துகள் வரை வந்துவிடும். நமக்குத் தேவை வெளி உருவம், ஃபிளாஞ்சின் துளைகள், ஷாஃப்ட், வயர் வெளிவரும் பெட்டி ஆகியவை மட்டுமே. ‘டீஃபீச்சர்’ கருவியால் மற்றவற்றை நீக்கிவிடலாம். ஆனால் உள்ளிருப்பதை எடுத்த பின் மென்பொருள் கணக்கிடும் எடை பொய்யாகிவிடும் என்பதால், கேட்டலாகில் உள்ள எடையைக் கையால் பதிவிட மறக்கக் கூடாது. நான் ஒருமுறை மறந்து, லிஃப்டிங் ஹூக்கைத் தவறான இடத்தில் வைத்தேன். கிரேனில் தூக்கியபோது பிரேம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

இவையெல்லாம் கண்ணுக்குத் தெரியும் சுமைகள். தெரியாத சுமை, பாகங்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கும் விதத்தில் இருந்தது. அசெம்பிளிக்குள் இருந்தபடியே பக்கத்துத் தகட்டின் விளிம்பைத் தொட்டு ஸ்கெட்ச் வரைந்தால், புதிய பாகம் அந்தத் தகட்டைச் சார்ந்ததாகிவிடுகிறது. பாகங்களைக் கிளை கிளையாகக் காட்டும் மரப்பட்டியலில், பெயருக்குப் பின்னால் ஒரு சிறு அம்புக்குறி முளைக்கிறது. வரையும் நேரத்தில் இது மிக வசதியானது, நானும் அதை விரும்பிச் செய்தவன்தான். ஆனால் தகட்டைச் சார்ந்து பிராக்கெட், பிராக்கெட்டைச் சார்ந்து சென்சார் தாங்கி, அந்தத் தாங்கியின் துளையைச் சார்ந்து மறுபடியும் அதே தகடு என்று நான் ஒரு வட்டத்தையே உருவாக்கியிருந்தேன். ரீபில்ட் முடிந்த மறுகணமே ரீபில்ட் வேண்டும் என்ற போக்குவரத்து விளக்குக் குறி மீண்டும் வந்து நின்றதற்குக் காரணம் அதுதான். இப்போது நிலையங்களின் மையக்கோடுகள், கன்வேயரின் உயரம், பிரேமின் எல்லைகள் ஆகியவற்றை மட்டும் கொண்ட ஒரு லேஅவுட் ஸ்கெட்ச்சை முதல் பாகமாக வைக்கிறோம். எந்தப் பாகமும் சார்ந்திருக்க விரும்பினால் அந்த ஒன்றை மட்டுமே சாரலாம். டிசைன் இறுதியான பிறகு மிச்சமிருக்கும் அம்புக்குறிகளையும் துண்டித்துவிடுகிறோம்.

ஒரு பாகத்தை இன்னொன்றோடு பொருத்தும் மேட்களுக்கும் இதே நியாயம்தான். எல்லாப் பாகங்களையும் மேல்மட்டத்தில் கொட்டிவைத்தால், எதை நகர்த்தினாலும் அத்தனை மேட்களையும் சேர்த்துத் தீர்க்க வேண்டியிருக்கும். கைகளால் எப்படிக் கட்டுவார்களோ அப்படியே சப் அசெம்பிளிகளாகப் பிரித்துவிட்டால், அசையாத சப் அசெம்பிளி மேல்மட்டத்துக்கு ஒற்றைப் பொருளாகத்தான் தெரியும். சிலிண்டர் நீண்டு சுருங்குவதைக் காட்ட வேண்டும் என்பதற்காக எல்லாவற்றையும் உள்ளே அசையக்கூடிய ஃபிளெக்ஸிபிள் ஆக்கினால் இந்த ஆதாயம் போய்விடும். நான் ஒரே சமயத்தில் இரண்டுக்கு மேல் அனுமதிப்பதில்லை. போல்ட்டுகளை ஒவ்வொன்றாக மேட் செய்யாமல், ஒன்றை மட்டும் பொருத்தி, மற்றவற்றைத் துளைகளின் பேட்டர்னையே பின்பற்றச் செய்கிறோம்.

பாகங்களின் தகவலை முழுதாக ஏற்றாமல் திறக்கும் லைட்வெயிட் முறையையும் லார்ஜ் டிசைன் ரிவ்யூவையும் பலரும் முதல் மருந்தாகச் சொல்வார்கள். பார்க்கவும் அளக்கவும் அவை நல்லவை, ஆனால் உள்ளே இருக்கும் கோளாறை அவை தீர்ப்பதில்லை. ஸ்பீட்பேக் அப்படியல்ல. பக்கத்து நிலையத்துக்குத் தேவையான சில முகங்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை வெறும் படமாக்கிவிடுவதால், முடிந்துபோன நிலையங்களுக்கு அது மிகப் பொருத்தமானது. கோப்புகளைச் சர்வரிலிருந்து நேரடியாகத் திறக்காமல் உள்வட்டில் வைத்து வேலை செய்வது தனியாகச் சொல்லவே தேவையில்லாத விஷயம். எங்களுக்கு அதற்கும் ஆறு மாதம் பிடித்தது.

இப்போது அதே இயந்திரம் நான்கு நிமிடத்துக்குள் திறக்கிறது. அழுத்தக் காற்று செல்லும் நியூமேட்டிக் குழாய்களை மட்டும் இன்னும் தொடவில்லை. அவை ஒவ்வொன்றும் இரு முனைகளிலும் அம்புக்குறியோடு நிற்கின்றன. வால்வுகளின் தொகுப்பான வால்வு பேங்கின் இடத்தை வாடிக்கையாளர் உறுதிசெய்யும் வரை அவற்றைத் துண்டிக்க முடியாது.